சுகர் மாத்திரையின் பக்கவிளைவுகளும் 'பக்கவிளைவே இல்லை' விளம்பரங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிறிய ஊரில் மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். மருந்தாளுநராகக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பத்தொன்பது வருடம் ஆகிறது. சர்க்கரைக்குச் சீட்டு கொண்டு வருகிறவர்கள் மாத்திரையை வாங்கிப் பையில் போட்டு, மீதிச் சில்லறையையும் எண்ணிய பிறகு, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்: "இது கிட்னிய பாதிக்குமாமே, நிஜமா?" யார் சொன்னது என்று கேட்டால் பாதிப் பேர் காட்டுவது ஏதோ ஒரு விளம்பரத்தை. கடையில் கூட்டம் இருக்கும்போது முழுதாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

சுகர் மாத்திரை வருடக்கணக்கில் சாப்பிட்டால் கிட்னி போய்விடுமா?

போகாது. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஒருவர் பதினைந்து வருடம் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைச் சாப்பிடுகிறார். அத்தனை வருடமும் சர்க்கரை 250, 300 என்றே ஓடுகிறது. ஒருநாள் கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடும் கழிவு) ஏறியிருக்கிறது என்று தெரிகிறது. டாக்டர் உடனே மெட்ஃபார்மினை நிறுத்துகிறார். வீட்டில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள்? "பாருங்க, அந்த மாத்திரையாலதான் கெட்டுச்சு, அதான் நிறுத்திட்டாரு." நடந்தது அதுவல்ல. மெட்ஃபார்மின் உடம்பிலிருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடம்பில் தேங்கும். தேங்கினால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் என்ற அளவு 45-க்குக் கீழே போனால் டோஸைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள்.

இந்த பயத்துக்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. மெட்ஃபார்மினுக்கு ஃபென்ஃபார்மின் என்று ஓர் உறவு மருந்து இருந்தது. லாக்டிக் அமிலப் பிரச்சினையால் உயிர்கள் போக, அமெரிக்கா 1977-இலேயே அதை நிறுத்தியது. இந்தியாவில் 2003-இல்தான் தடை வந்தது. அதன் கெட்ட பெயரை மெட்ஃபார்மின் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிட்னிக்குப் பயந்து சுகர் மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறவர்கள், அதே கையால் மூட்டு வலிக்கு வலி மாத்திரையைச் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்குகிறார்கள். பயப்பட வேண்டியது அந்த வலி மாத்திரைக்குத்தான்.

சரி, மெட்ஃபார்மினால் உண்மையில் என்னதான் வரும்?

வயிறுதான் முதலில் பேசும். குமட்டல், வயிற்றுப்போக்கு, வாயில் ஒரு உலோகச் சுவை, பசியின்மை. ஆரம்பித்த முதல் சில வாரங்களில் அதிகமாக இருக்கும், பிறகு பெரும்பாலோருக்குத் தணியும். சாப்பாட்டோடு போட்டுக்கொள்வதும், குறைந்த டோஸில் தொடங்கி மெல்ல ஏற்றுவதும் உதவும். அப்படியும் தாங்கவில்லை என்றால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று பெயருக்குப் பின்னால் போட்டிருக்கும் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தருவார்கள்.

அந்த வகையில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். போன வருடம் ஒரு அம்மா, மடித்த காகிதத்தில் எதையோ சுற்றி எடுத்துவந்து கவுண்டரில் பிரித்தார். மலத்தில் வந்த மாத்திரையைக் கழுவி எடுத்து வந்திருந்தார். வெள்ளையாக, உப்பிய, மெத்தென்ற கூடு. "மருந்து கரையாம அப்படியே போகுது தம்பி, ஆறு மாசமா காச வீணாக்கியிருக்கேன்" என்று அழாத குறை. மருந்து உள்ளே கரைந்து இரத்தத்தில் சேர்ந்துவிடும். மிச்சம் வருவது வெறும் கூடு. அந்த ஒரு வரியை முதல் நாளே யாராவது, நான் உட்பட, அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மெதுவாக வருவது வைட்டமின் பி12 குறைபாடு. வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு, குறிப்பாகச் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு வரலாம். கால் எரிச்சல், மரத்துப்போதல், களைப்பு. இதைச் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்றே எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறோம். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, இதைக் கவனித்துப் பரிசோதிக்கும்படி 2022-இல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

திடீரென்று கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வருகிறதே, அது மாத்திரையாலா?

இருக்கலாம். சர்க்கரை மருந்துகளின் பக்கவிளைவுகளில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். லோ சுகர். 70-க்குக் கீழே இறங்குவது.

எல்லா மாத்திரையும் இதைச் செய்யாது. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் பெரும்பாலும் வராது. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தட்டும். இன்சுலின் ஊசியும் அப்படியே. உங்கள் மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'எம்1', 'எம்2' என்று இருந்தால், பெரும்பாலும் அது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒன்று. அந்த 1, 2 என்பது கிளிமிபிரைடின் அளவு. "எம்1 இல்லையா, எம்2 குடுங்க, ஒண்ணுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றல்ல, இரட்டிப்பு.

ஏகாதசி, கந்த சஷ்டி விரதம், ரம்ஜான் நோன்பு, இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு லேபில் காத்திருக்கும் காலை வேளை. இந்த நேரங்களில்தான் விழுகிறார்கள். விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு டோஸை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வந்துவிட்டால்: நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை ஏறுவது தாமதமாகும். குடலில் சர்க்கரை செரிப்பதைத் தாமதப்படுத்தும் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரையால் வந்த லோ சுகர் சரியான மாதிரி இருந்து சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கும், அதனால் வயதானவர்களை "தெளிஞ்சிட்டாரு" என்று உடனே வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்.

சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் புது மாத்திரை நல்லதா?

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்வதாகப் பெரிய ஆய்வுகளில் தெரிந்தவை. எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2025 மார்ச்சில் முடிந்து, பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதால் விலையும் இறங்கிவிட்டது.

சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். பெண்கள் இதை வெளியில் சொல்லவே மாட்டார்கள். அரிப்பு தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் "ஒத்துக்கல" என்று மட்டும் சொல்வார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. இது டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவு. நிறையத் தண்ணீர், சுத்தம், தேவைப்பட்டால் ஒரு களிம்பு, பெரும்பாலும் சரியாகிவிடும்.

அரிதாக, ஆனால் ஆபத்தாக வருவது கீட்டோஅசிடோசிஸ், அதாவது இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்துவிடுவது. இதில் குளுக்கோமீட்டர் 180, 200 என்று சாதாரணமாகக் காட்டும். ஆனால் வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு இருக்கும். அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-இல் இதைப் பற்றி எச்சரித்தது. அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது இதனால்தான். பல் டாக்டரோ கண் டாக்டரோ, யார் அறுவை சிகிச்சை என்று சொன்னாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

வாரம் ஒரு தடவை போடும் ஊசி? உடம்பும் இளைக்குமாமே?

செமாக்ளூடைடு, டிர்செபடைடு. மௌன்ஜாரோ என்ற பெயரில் டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. சர்க்கரையும் குறையும், எடையும் குறையும். உண்மைதான். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வரும். பித்தப்பைக் கல், கணைய அழற்சி சிலருக்கு. எடை வேகமாக இறங்கும்போது கொழுப்போடு தசையும் போகிறது, அறுபது வயதுக்கு மேல் அது நல்லதல்ல. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள் போடவே கூடாது. செமாக்ளூடைடால் கண் நரம்பில் இரத்த ஓட்டம் தடைபட்டுப் பார்வை பாதிக்கும் நிலை மிக அரிதாக, பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் சொன்னது. திடீரென்று பார்வை மங்கினால் காத்திருக்காதீர்கள்.

கல்யாணத்துக்கு ஆறு கிலோ குறைய வேண்டும் என்று சர்க்கரையே இல்லாதவர்கள் வந்து கேட்கிறார்கள். சீட்டு இல்லாமல் நான் தருவதில்லை.

கிளிப்டின், பியோகிளிட்டசோன், வோக்ளிபோஸ்?

சுருக்கமாகச் சொன்னால், கிளிப்டின்கள் (சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்றவை) சாதுவானவை. அரிதாக மூட்டு வலி, கணைய அழற்சி. வோக்ளிபோஸால் வயிற்றில் வாயு வரும். பியோகிளிட்டசோனால் கால் வீக்கம், எடை கூடுதல், எலும்புத் தேய்மானம் வரலாம். இதயம் தளர்ந்தவர்களுக்கு ஆகாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சந்தேகத்தால் இந்தியா 2013 ஜூனில் இதை நிறுத்திவைத்து, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்தோடு மறுபடி அனுமதித்தது.

அனுமதி கொடுத்த மருந்தே பிறகு ஆபத்து என்று தெரியவந்தால், எதை நம்பிச் சாப்பிடுவது?

நியாயமான கேள்வி. இதற்கு ரோசிகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரையின் கதையைச் சொல்ல வேண்டும்.

1999-இல் அமெரிக்காவில் அவாண்டியா என்ற பெயரில் வந்தது. சர்க்கரையை நன்றாகக் குறைத்தது. உலகம் முழுக்க விற்றது. 2007-இல் ஸ்டீவன் நிசென் என்ற இதய மருத்துவர், அதுவரை நடந்த ஆய்வுகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். மாரடைப்பு ஆபத்து 43 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. 2010-இல் ஐரோப்பா நிறுத்தியது, அமெரிக்கா கட்டுப்படுத்தியது, இந்தியாவும் அதே வருடம் தடை செய்தது. 2012-இல் தயாரித்த கிளாக்ஸோஸ்மித்க்ளைன் நிறுவனம் பல மருந்துகள் தொடர்பான வழக்கில் 300 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அவாண்டியாவின் பாதுகாப்புத் தகவல்கள் சிலவற்றை அரசுக்குத் தராமல் விட்டதும் ஒப்புக்கொண்ட குற்றங்களில் ஒன்று. பிறகு ஒரு மறுஆய்வில் ஆபத்து முதலில் பயந்த அளவு உறுதியாகவில்லை என்று வர, 2013-இல் அமெரிக்கா கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதற்குள் நம்பிக்கை போய்விட்டது, மருந்தும் ஏறக்குறைய போய்விட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு நடுவில் நடந்தது. சர்க்கரையைக் குறைக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, இதயத்தைக் கெடுக்கவில்லை என்றும் காட்ட வேண்டும் என்று 2008 டிசம்பரில் எஃப்.டி.ஏ. சொன்னது. ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டியதாயிற்று. கெடுதல் இருக்கிறதா என்று தேடப்போன அந்த ஆய்வுகளில்தான் நல்லது கிடைத்தது. 2015-இல் எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வு வந்தபோது, ஏற்கெனவே இதய நோய் இருந்த சர்க்கரை நோயாளிகளிடம் இதயநோய் மரணங்கள் 38 சதவீதம் குறைந்திருந்தன. பக்கவிளைவைக் கூச்சமில்லாமல் தேடியதால் கிடைத்த மருந்துப் பயன் இது. நான் நம்புவது அந்தத் தேடலைத்தான்.

மாத்திரைக்கு டி.வி.யில் விளம்பரம் வருவதில்லை, பொடிக்கும் கஷாயத்துக்கும் மட்டும் வருகிறதே, ஏன்?

டாக்டர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய 'அட்டவணை எச்' மருந்துகளை இந்தியாவில் பொதுமக்களுக்கு விளம்பரப்படுத்தக்கூடாது. ஆகவே மாத்திரை நிறுவனங்கள் வாயைத் திறப்பதில்லை. சில சமயம் மருந்தின் பெயரே வராமல் 'விழிப்புணர்வு' என்று நோயைப் பற்றி மட்டும் பேசும் விளம்பரங்கள் வரும். "உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்" என்று முடியும்.

பொடிக்கும் கஷாயத்துக்கும்கூட அனுமதி கிடையாது என்பதுதான் பலருக்குத் தெரியாதது. 'மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம்' 1954-லிருந்தே இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள நோய்களைக் குணப்படுத்தும், தணிக்கும், தடுக்கும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக்கூடாது. நீரிழிவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். அலோபதி, ஆயுர்வேதம், சித்தா என்ற வேறுபாடு சட்டத்தில் இல்லை. எழுபது வருடமாகச் சட்டம் இருக்கிறது, காலை ஏழு மணிக்கு உள்ளூர் கேபிளில் அரை மணி நேர விளம்பரமும் ஓடுகிறது. எனக்கு இது மிகுந்த வருத்தம்.

அமெரிக்காவில் பக்கவிளைவையும் சேர்த்துத்தான் விளம்பரம் செய்கிறார்களாமே?

ஆமாம். சீட்டு மருந்தை நேரடியாக மக்களுக்கு விளம்பரம் செய்ய விடும் நாடுகள் அமெரிக்காவும் நியூசிலாந்தும்தான். அமெரிக்காவில் 1997-இல் விதியைத் தளர்த்தினார்கள்: முக்கிய ஆபத்துகளைச் சொன்னால் போதும், முழு விவரத்துக்குத் தொலைபேசி எண்ணோ இணைய முகவரியோ காட்டிவிடலாம் என்று. அதிலிருந்து டி.வி. முழுக்க மருந்து. அங்கே வேலை செய்யும் என் தம்பி ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். ஒரு தாத்தா பேரனுக்குப் பட்டம் விடக் கற்றுக்கொடுக்கிறார், நாய் ஓடுகிறது, வெயில் பொன்னாக இருக்கிறது. அந்தப் படத்துக்குப் பின்னால் இதமான ஒரு குரல் கணைய அழற்சி, தைராய்டு கட்டி என்று வேகமாக வாசித்துக்கொண்டு போகிறது. காது கேட்பதைக் கண் கேட்கவிடுவதில்லை. ஆபத்தைச் சொல்லும்போது கவனத்தைச் சிதறடிக்கக்கூடாது என்று 2023-இல் அங்கே ஒரு விதி கொண்டுவந்தார்கள். 2025 செப்டம்பரில் பழைய தளர்வையே திரும்பப் பெறப்போவதாகவும் அறிவித்தார்கள்.

'நூறு சதவீதம் இயற்கை, பக்கவிளைவே இல்லை' என்பது உண்மையா?

வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் பக்கவிளைவு இருக்கும். மெட்ஃபார்மினின் வேர் எங்கே என்று தெரியுமா? ஐரோப்பாவில் பழங்காலத்திலிருந்து கைமருந்தாகப் பயன்பட்ட கலேகா என்ற செடி. அதிலிருந்த பொருளைப் பார்த்துத்தான் ஆய்வகத்தில் இதைச் செய்தார்கள். 1957-இல் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார். செடியிலிருந்து வந்தது என்பதால் வயிற்றுப்போக்கு வராமல் இல்லையே.

இன்னொரு ஆபத்து கலப்படம். 2008-இல் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூர் மருத்துவமனைகளில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் கடுமையான லோ சுகரோடு சேர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். சட்டவிரோதமாக விற்ற ஆண்மை மாத்திரைகளிலும் மூலிகை என்று சொல்லப்பட்டவற்றிலும் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. "பொடி சாப்பிட்ட மூணாம் நாளே சுகர் சடார்னு இறங்கிடுச்சு" என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, இதுதான் நினைவுக்கு வருகிறது.

என் பெரியப்பா ஒரு விளம்பரத்தைப் பார்த்து மாத்திரைகளை நிறுத்தினார். என்னிடம்கூடச் சொல்லவில்லை, நான் மாத்திரை விற்கிறவன், வேறு எப்படிச் சொல்வேன் என்று நினைத்திருக்கிறார். ஏழு வாரம் கழித்துக் காலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் கறுத்தபோதுதான் தெரிந்தது. சர்க்கரை 412. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த டப்பா இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் பெரிய பச்சை எழுத்தில் 'சர்க்கரைக்கு முற்றுப்புள்ளி'. பின்பக்கம், பார்கோடுக்குக் கீழே, என் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் ஆங்கில எழுத்தில்: இது மருந்தல்ல, உணவுத் துணைப்பொருள். பெரியப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அவரை அந்தப் பொடி கெடுக்கவில்லை. மாத்திரைக்குப் பக்கவிளைவு உண்டு என்ற பயத்தைக் காட்டி அதை நிறுத்த வைத்த வார்த்தைகள் கெடுத்தன.

அப்படியானால் சித்த மருத்துவம் வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவரை நேரில் பாருங்கள், நாடி பார்க்கட்டும், உங்கள் இரத்தப் பரிசோதனையைப் பார்க்கட்டும். நல்ல சித்த மருத்துவர் உங்கள் இன்சுலினை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லமாட்டார். நான் சொல்வது, உங்களைப் பார்க்காமலே உங்களுக்கு மருந்து சொல்லும் விளம்பரத்தைப் பற்றி.

'90 நாளில் சுகரை விரட்டலாம்' என்கிறார்களே, சர்க்கரை திரும்பிப் போகவே போகாதா?

சிலருக்குப் போகும். பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான டைரக்ட் ஆய்வில், கண்டுபிடித்து ஆறு வருடத்துக்குள் இருந்த இரண்டாம் வகைக்காரர்களில் 46 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் மருந்தில்லாமல் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். கடுமையான உணவுத் திட்டம், பெரிய அளவில் எடைக் குறைப்பு, மருத்துவக் கண்காணிப்பு. எடை திரும்ப ஏறியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது. விளம்பரக்காரர்கள் இந்த உண்மையில் பாதியை எடுத்துக்கொண்டு, மீதிப் பாதிக்குப் பதிலாக ஒரு டப்பாவை வைக்கிறார்கள். உடம்பில் இன்சுலினே சுரக்காத முதல் வகை நோயாளிகள், குறிப்பாகக் குழந்தைகள், இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து.

டாக்டர்களிடம் மட்டும் விளம்பரம் போகாதா?

போகும். எம்.ஆர்.கள், அதாவது மருந்து நிறுவனப் பிரதிநிதிகள், பை நிறைய அட்டைகளோடு வருவது அதற்குத்தான். 2024 மார்ச்சில் மத்திய அரசு மருந்து விற்பனை நடத்தை நெறிகளை வெளியிட்டது. அதில் இரண்டு வரி எனக்குப் பிடிக்கும்: 'பாதுகாப்பானது' என்ற சொல்லை விளக்கமில்லாமல் போடக்கூடாது, பக்கவிளைவே இல்லை என்று அறுதியிட்டுச் சொல்லக்கூடாது. டாக்டருக்கே சொல்லக்கூடாத வாக்கியம் அது. நம் வீட்டு டி.வி.யில் தினமும் கேட்கிறது.

பக்கவிளைவு வந்தால், பொய் விளம்பரம் பார்த்தால், யாரிடம் சொல்வது?

பக்கவிளைவை முதலில் டாக்டரிடம். அதோடு, காசியாபாதில் இருந்து இயங்கும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நீங்களே சொல்லலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளிகள் சொல்லலாம் என்பதே பலருக்குத் தெரியாது. விளம்பரம் பற்றி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் தரலாம்.

புகாரால் என்ன ஆகும் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். இந்திய மருத்துவச் சங்கம் பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்களை எதிர்த்து 2022-இல் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் அந்த நிறுவனம் பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட்டபோது, விளம்பரம் போட்ட அதே அளவிலா மன்னிப்பும் போட்டீர்கள் என்று நீதிபதிகள் கேட்டார்கள். அடுத்த நாள் பெரிதாக வந்தது.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது என்ன செய்வது?

ஒரு மஞ்சப்பையில் வீட்டிலிருக்கும் எல்லாவற்றையும் போட்டு எடுத்துப்போங்கள். பாதி கிழிந்த ஸ்ட்ரிப், வலி மாத்திரை, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து கொடுத்தது, மருமகள் ஆன்லைனில் வாங்கித் தந்த பொடி, எல்லாம். அந்தப் பொடி டப்பாவை மட்டும் ஒளித்து வைக்காதீர்கள். டாக்டர் திட்டினாலும் பரவாயில்லை, மேஜை மேல் வையுங்கள். இதில் எது லோ சுகர் கொடுக்கும், என் கிரியாட்டினினுக்கு இந்த டோஸ் சரியா, பி12 பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். கூட்டம் அதிகமாக இருந்து கேட்க முடியவில்லை என்றால், மாத்திரை வாங்கும் கடையில் மத்தியானம் இரண்டரை மணிக்குப் போய்க் கேளுங்கள். அந்த நேரத்தில் கவுண்டரில் ஆள் இருக்காது.